ஃபோட்டோ ஸ்டாப்புக்கு ஒன்பது லட்சம்

கோடை விடுமுறைக்கு ஐரோப்பா போய் வந்தவர்கள் எழுதிய கடிதங்கள் குவிந்துவிட்டன. இன்னும் போகாதவர்களும் சிலர் எழுதியிருக்கிறார்கள், அவர்கள் புத்திசாலிகள். எல்லாவற்றையும் சுருக்கியிருக்கிறேன். மாமியாரோடு பஸ்ஸில் நடந்த சண்டை, ஜூரிக்கில் காணாமல் போன ஊறுகாய் பாட்டில் எல்லாம் என் கத்தரிக்குப் போய்விட்டன, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஏஜென்ட் கொடுத்த தாளின் அட்டையிலேயே டியூலிப் தோட்டம். ஜூன் முதல் வாரம் ஆம்ஸ்டர்டாம் போனால் தோட்டம் மூடியாச்சு என்று சொல்லி, பொம்மை ஊர் ஒன்றைக் காட்டி அனுப்பிவிட்டார்கள். என் பெண் அந்தப் பூக்களோடு படம் எடுக்கவே மஞ்சள் கவுன் வாங்கி வைத்திருந்தாள். கேட்டால் "அதெல்லாம் சீசனைப் பொறுத்தது மேடம்" என்கிறார்.
– ஈரோடு வாசகி

அந்த மஞ்சள் கவுனைப் படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. கூக்கன்ஹாஃப் தோட்டம் வருடத்தில் சுமார் எட்டு வாரம்தான் திறந்திருக்கும், மார்ச் பிற்பாதியில் தொடங்கி மே நடுவில் மூடிவிடுவார்கள். தேதியையும் முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். ஆம்ஸ்டர்டாமுக்கு ஆள் அனுப்பிப் பிழைக்கிற ஒருவருக்கு இது தெரியாது என்றால் நான் நம்பத் தயாரில்லை. தெரிந்தேதான் ஜூன் பயணத்துக்கு டியூலிப் படம் போட்டிருக்கிறார். நீங்கள் பார்த்த பொம்மை ஊர் தி ஹேக்கில் இருக்கும் மதுரோடாமாக இருக்கும். நல்ல இடம்தான், குழந்தைகளுக்குப் பிடிக்கும், ஆனால் அதற்காகவா காசு கொடுத்தீர்கள்?

அந்தத் தாள், ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள். முதலில் ஏஜென்டுக்கு எழுத்தில் ஒரு கடிதம், 15 நாள் அவகாசம் கொடுத்து. மசியவில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஏஜென்ட் அலுவலகம் சென்னையில் இருந்தாலும் பரவாயில்லை, 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கும் ஈரோட்டிலேயே வழக்குப் போடலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், அவ்வளவுதான். போடுங்கள்.

கடைகளில் கார்டு மெஷின் "ரூபாயிலா, யூரோவிலா?" என்று கேட்கிறது. எதை அமுக்க வேண்டும்?
– தஞ்சாவூர்

யூரோ. ரூபாயை அமுக்கினால் மாற்று விகிதத்தை அந்த மெஷின்காரர் வைப்பார், அவர் நமக்குச் சித்தப்பா இல்லை.

விசா எப்படியும் கிடைத்துவிடும் என்று நினைத்து, விலை குறைவாக இருந்ததால் நான்கு மாதம் முன்பே ரீஃபண்ட் இல்லாத டிக்கெட் எடுத்துவிட்டோம். விசா மறுத்துவிட்டார்கள். விசா கட்டணம், டிக்கெட் பணம் இரண்டும் திரும்ப வர வழி உண்டா?
– கோவை

"எப்படியும் கிடைத்துவிடும்" என்று உங்களிடம் சொன்னது யார்? டிக்கெட்டை விசா வந்த பிறகு வாங்குங்கள், விண்ணப்பத்துக்கு முன்பதிவு இருந்தால் போதும் என்று தூதரகங்களே சொல்கின்றன. ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் சேர்த்துத் தரும் ஒரே விசா, அதன் கட்டணம் 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45, ஆறுக்குக் கீழே இலவசம். விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மறுத்தாலும் அது திரும்ப வராது. விண்ணப்பத்தைப் பார்த்துப் படிப்பதற்கான கூலி அது, விசாவுக்கான விலை இல்லை.

மறுப்போடு ஒரு படிவம் வந்திருக்கும், காரணத்துக்கு நேரே டிக் அடித்திருப்பார்கள். அதைப் பார்த்து மேல்முறையீடு செய்யலாம், அல்லது குறையைச் சரிசெய்து மறுபடி விண்ணப்பிக்கலாம். டிக்கெட் இந்திய விமான நிறுவனத்துடையது என்றால் அடிப்படைக் கட்டணம் போனாலும் வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தர வேண்டும், கேட்டு வாங்குங்கள். மிச்சத்துக்கு என்னிடம் மருந்து இல்லை.

12 நாள், 7 நாடு, தலைக்கு இரண்டே கால் லட்சம், நாங்கள் நான்கு பேர். தாளில் ஈஃபிள் கோபுரம், லூவர் அருங்காட்சியகம், ரோமின் கொலோசியம் எல்லாம் இருந்தது. போனால் மூன்றையும் வெளியிலிருந்து பார்த்துவிட்டு பஸ் ஏறச் சொல்கிறார்கள். உள்ளே போகணும் என்று பையன் அழுதேவிட்டான். வெர்சாய் அரண்மனைக்கு "ஆப்ஷனல்" என்று தலைக்கு 65 யூரோ வாங்கினார்கள், 8 வயதுக்கும் 12 வயதுக்கும் அதே தொகை. இது நியாயமா?
– திருச்சி

என் பழைய புண்ணைக் கிளறிவிட்டீர்கள், கொஞ்சம் நீளமாகத்தான் பேசுவேன்.

டூர் தாளில் ஊர்ப் பெயர்களை நாம் படிக்கிறோம், அவற்றுக்குப் பக்கத்தில் இருக்கும் சொல்லைப் படிப்பதில்லை. "நுழைவுச் சீட்டுடன்" என்று இருந்தால்தான் உள்ளே. "ஃபோட்டோ ஸ்டாப்" என்றால் கால் மணி நேரம் இறங்கி நிற்கலாம். "பனோரமிக் டூர்" என்றால் அதுவும் கிடையாது, பஸ் ஜன்னல்தான், இடது பக்கம் உட்கார்ந்தவர்களுக்கு வலது பக்கத்துக் கட்டடம் தெரியாது. "குறிப்பிட்ட ஹோட்டல் அல்லது அதற்கு இணையானது" என்பதில் நட்சத்திரம்தான் இணை. இடம் இணை இல்லை, பாரிஸ் ஹோட்டல் என்பது பாரிஸிலிருந்து முப்பது கிலோமீட்டரில் நெடுஞ்சாலை ஓரம் இருக்கும், சுற்றிலும் ஒரு பெட்ரோல் பங்க் தவிர ஒன்றும் இருக்காது. ராத்திரி ஊருக்குள் போகலாம் என்றால் பஸ் வராது. டிரைவர் ஒரு நாளில் ஒன்பது மணி நேரம்தான் ஓட்டலாம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் பத்து என்பது ஐரோப்பியச் சட்டம். அது நல்ல சட்டம், அவரும் மனிதர்தானே. ஆனால் அதைத் தெரிந்துகொண்டே பயணத்தை அப்படி அடுக்கி, விளக்கு வெளிச்சத்தில் ஈஃபிளைப் பார்க்க இன்னொரு 40 யூரோ என்று கை நீட்டுகிறார்கள் பாருங்கள், அதுதான் எனக்கு ஆகாது.

இதையெல்லாம் விட எரிச்சலானது பிள்ளைகள் கணக்கு. வெர்சாய் அரண்மனைக்கும் லூவருக்கும் 18 வயதுக்குக் கீழே நுழைவு இலவசம், எந்த நாட்டுப் பிள்ளையாக இருந்தாலும். கொலோசியமும் அப்படித்தான், முன்பதிவு மட்டும் செய்ய வேண்டும். ஈஃபிளில் நான்கு வயதிலிருந்து டிக்கெட் உண்டு, அதுவும் சிறுவர்களுக்குக் குறைந்த விலையில். ஆக உங்கள் இரண்டு பிள்ளைகளுக்கும் வாங்கிய 130 யூரோவில் அரண்மனைக்குப் போனது பூஜ்யம். பஸ்ஸுக்கு எவ்வளவு, வழிகாட்டிக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால் அதுவே உங்கள் புகாருக்கு முதல் ஆதாரம்.

நான் மட்டும் ஒழுங்கு என்று நினைக்காதீர்கள். ரோம் போகும் முன் இணையத்தில் தேடி முதலில் வந்த தளத்தில், மேலே "அஃபிஷியல்" என்ற சொல் இருந்ததை நம்பி, 18 யூரோ கொலோசியம் டிக்கெட்டுக்கு 45 கொடுத்தேன். இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து. வாசலில் இருந்த பெண் பிள்ளைகளைப் பார்த்தாள், டிக்கெட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்துப் பாவமாகத் தலையாட்டினாள். பிறகு 2025 ஏப்ரலில், கொலோசியம் டிக்கெட்டுகளை மொத்தமாக வளைத்துப் போட்டு விற்ற விவகாரத்தில் இத்தாலியின் போட்டி ஆணையம் டிக்கெட் விற்ற நிறுவனத்துக்கும் டூர் நிறுவனங்களுக்குமாக ஏறக்குறைய 2 கோடி யூரோ அபராதம் போட்டது. செய்தியை என் மனைவி சத்தமாக வாசித்துக் காட்டினாள். பணம் வந்ததா என்று கேட்காதீர்கள்.

ரோமிலிருந்து பாரிஸுக்கு 19 யூரோ விமானம் கிடைத்தது. கேட்டில் பெட்டிக்குத் தனியாக ஆளுக்கு 60 யூரோ பிடுங்கிவிட்டார்கள். இது மோசடி இல்லையா?
– மதுரை

இல்லை. பெட்டி அளவு டிக்கெட்டிலேயே எழுதியிருக்கும், நீங்கள் படிக்கவில்லை. நானும் ஒரு முறை படிக்கவில்லை: "பாரிஸ்" என்று போட்டிருந்த விமானம் போவேயில் இறங்கியது. அங்கிருந்து பாரிஸ் 80 கிலோமீட்டருக்கு மேல். தூங்கிப்போன பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு வரிசையில் நின்றபோது நான் மிச்சம் பிடித்த காசு எங்கே போனது என்று புரிந்தது.

ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து சென்னை வரும் விமானத்தில் ஏதோ கோளாறு, ஐந்தரை மணி நேரம் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தோம். ஆளுக்கு ஒரு சாண்ட்விச் கூப்பன் கொடுத்தார்கள். இப்போது அடுத்த பயணத்துக்கு 100 யூரோ வவுச்சர் தருவதாக மெயில். வாங்கிக்கொள்ளலாமா?
– சென்னை, குடும்பத்தில் நான்கு பேர்

வாங்காதீர்கள்! ஐரோப்பிய ஒன்றியத்து விமான நிலையத்திலிருந்து கிளம்பும் எந்த விமானத்துக்கும், நிறுவனம் எந்த நாட்டுடையதாக இருந்தாலும், 261/2004 என்ற விதி பொருந்தும். 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரம், நான்கு மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால் ஆளுக்கு 600 யூரோ. காசு கொடுத்து இருக்கை வாங்கிய குழந்தைக்கும் அதே 600. உங்கள் வீட்டுக்கு மொத்தம் 2,400 யூரோ, அவர்கள் நீட்டுவது 100 யூரோ வவுச்சர்! புயல், வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் வேலைநிறுத்தம் போன்றவை என்றால் தர வேண்டியதில்லை, ஆனால் வழக்கமான இயந்திரக் கோளாறு அதில் சேராது. விதி எண்ணைக் குறிப்பிட்டு நிறுவனத்தின் இணையதளத்திலேயே கேளுங்கள், நடுவில் கமிஷன் ஆள் வேண்டாம். போர்டிங் பாஸ் இருக்கிறதா? பத்திரம்.

போகும்போது, அதாவது சென்னையிலிருந்து ஐரோப்பாவுக்கு என்றால், ஐரோப்பிய நிறுவனத்தின் விமானமாக இருந்தால்தான் இந்த உரிமை. வளைகுடா வழியாக வளைகுடா விமானத்தில் போகிறவர்கள் இதை நம்பி இருக்காதீர்கள்.

பாரிஸில் 240 யூரோவுக்குத் துணி வாங்கினோம், வரி திரும்பக் கிடைக்கும் என்று கடையில் படிவம் கொடுத்தார்கள். அங்கிருந்து ரயிலில் ஜூரிக், ஜூரிக்கிலிருந்து ஊர். ஜூரிக் விமான நிலையத்தில் முத்திரை போட முடியாது என்றுவிட்டார்கள்.
– சேலம்

ஷெங்கனில் ஸ்விட்சர்லாந்து உண்டு, ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. விசாவுக்கு எல்லை இல்லை, சுங்கத்துக்கு எல்லை உண்டு. நீங்கள் ரயிலில் அந்த எல்லையைத் தாண்டும் முன்பே பிரான்ஸில் படிவத்தைப் பதிந்திருக்க வேண்டும். கடைக்காரர் "அடுத்து எங்கே போகிறீர்கள்" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வருத்தம்தான்.

தண்ணீர் பாட்டில் 3 யூரோ. பகல் கொள்ளை!
– வேலூர்

குழாயில் பிடியுங்கள். ரோமில் தெருவுக்குத் தெரு குடிநீர்க் குழாய் ஓடிக்கொண்டே இருக்கிறது. பாரிஸ் உணவகத்தில் "கராஃப் தோ" என்று கேட்டால் ஒரு ஜாடி குழாய்த் தண்ணீரைச் சும்மா கொண்டுவந்து வைப்பார்கள்.

அடுத்த மே மாதம் ஸ்விட்சர்லாந்து. எங்கள் இருவருக்கும் ரயில், பஸ், படகு எல்லாவற்றுக்கும் ஒரே சீட்டான ஸ்விஸ் டிராவல் பாஸ், 7, 11 வயதுப் பிள்ளைகளுக்குத் தனியாகக் காசு கொடுத்து பாஸ் எடுக்கணும் என்கிறார் ஏஜென்ட். யுங்ஃப்ராவ்யோக் பனிமலைக்குப் போகும் ரயிலும் அதிலேயே அடங்குமாம்.
– நாகர்கோவில்

இரண்டும் தப்பு. பாஸ் வைத்திருக்கும் பெற்றோரோடு வரும் 6 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு ஸ்விஸ் ஃபேமிலி கார்டு இலவசம், பாஸ் வாங்கும்போதே கேட்க வேண்டும். யுங்ஃப்ராவ்யோக் ரயிலுக்கு அந்த பாஸில் தள்ளுபடி மட்டும்தான், மிச்சத்தைக் கையிலிருந்து கட்ட வேண்டும், அது சின்னத் தொகை இல்லை. ரிகி மலை பாஸிலேயே அடங்கும், லுசெர்ன் ஏரியில் படகில் போய் ஏறலாம்.

யுங்ஃப்ராவ்யோக் டிக்கெட்டை ஊரிலிருந்தே தேதி போட்டு வாங்காதீர்கள். நான் வாங்கினேன். 3,454 மீட்டர் உயரத்தில் மேகம் மூடியிருந்தது, எதிரே நின்ற மனைவியின் முகம்கூட மங்கலாகத்தான் தெரிந்தது. நாங்கள் இட்லி மாவுக்குள் நின்றுவிட்டு வந்தோம் என்றுதான் என் மகள் இன்றைக்கும் சொல்வாள். உச்சியில் கேமரா வைத்து நேரலையில் காட்டுகிறார்கள். காலையில் ஹோட்டலில் பல் தேய்க்கும்போதே போனில் அதைப் பாருங்கள், வெள்ளையாக இருந்தால் அன்றைக்கு ஏரிக்கரைக்குப் போய்விடுங்கள்.