நாய் வளர்ப்போர் கேள்விகள்: பையின் பின்பக்கத்தைப் படித்தீர்களா?

காலை நடையில் சந்தித்துக்கொள்ளும் நாய் வளர்ப்போரிடையே அறிவுரைக்குப் பஞ்சம் இருந்ததே இல்லை. அவற்றில் பெரும்பாலானவை சொல்பவரின் நாய்க்குச் சரியாக வந்தவைதான்; கேட்பவரின் நாய்க்கும் அவை பொருந்துமா என்பதில்தான் சிக்கல். இம்முறை வந்த கேள்விகளில் பலவும் அப்படிப்பட்ட அறிவுரைகளிலிருந்து பிறந்தவை.

கேள்வி: நாய் உணவுப் பையின் உட்பொருள் பட்டியலில் இறைச்சி முதலிடத்தில் இருந்தால்தான் நல்ல உணவு என்கிறார் எங்கள் நடைக்குழு நண்பர் ஒருவர். இன்னொருவரோ, டப்பாவில் வரும் ஈர உணவில் புரதம் 10 சதவீதம்தான், உலர் உணவில் 26 சதவீதம் இருக்கிறது, ஆகவே ஈர உணவுக்குக் காசு கொடுப்பதே வீண் என்கிறார். யாரை நம்புவது?

பதில்: இருவரும் பையைப் படித்திருக்கிறார்கள், ஆனால் தண்ணீரைக் கணக்கில் எடுக்க மறந்துவிட்டார்கள்.

முதலில் பட்டியல். உட்பொருள்கள் தயாரிப்பில் சேர்க்கப்படும்போது இருந்த எடையின் வரிசையில் அச்சிடப்படுகின்றன. பச்சை இறைச்சியின் எடையில் ஏறத்தாழ 70 சதவீதம் நீர். உலர் உணவைச் சுட்டெடுக்கும்போது அந்த நீரில் பெரும்பகுதி ஆவியாகிவிடும் என்பதால், முதலிடத்தில் இருந்த கோழி இறைச்சி உண்மையில் மூன்றாம் இடத்துக்கோ நான்காம் இடத்துக்கோ இறங்கிவிடலாம். ஏற்கெனவே உலர்த்தி அரைத்த இறைச்சித் தூள், பட்டியலில் இரண்டாவதாக இருந்தாலும் கூடுதல் புரதம் தரக்கூடும். இதோடு ஒரு தந்திரமும் உண்டு. ஒரே தானியத்தை மாவு, தவிடு, புரதப்பசை என்று மூன்றாகப் பிரித்து எழுதினால், ஒவ்வொன்றும் கீழே இறங்கி, இறைச்சி தானாக மேலே ஏறிவிடும்.

அடுத்து புரதக் கணக்கு. ஈரப்பதம் வேறுபடும் இரண்டு உணவுகளை அப்படியே ஒப்பிடக் கூடாது. பின்பக்கத்தில் உள்ள ஈரப்பத விகிதத்தை 100-இலிருந்து கழியுங்கள். மீதமுள்ளதுதான் உலர் பொருள். ஈர உணவில் 78 சதவீதம் ஈரம் என்றால் உலர் பொருள் 22. புரதம் 10-ஐ 22-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 45 சதவீதம். உலர் உணவில் 10 சதவீதம் ஈரம் என்றால் உலர் பொருள் 90. புரதம் 26-ஐ 90-ஆல் வகுத்தால் 29 சதவீதம். உங்கள் நண்பர் மட்டம் தட்டிய டப்பாவில்தான் உலர் பொருள் கணக்கில் புரதம் அதிகம். அதற்காக அதுவே சிறந்த உணவு என்றும் ஆகிவிடாது. அந்த டப்பாவில் நீங்கள் சுமந்து வருவதில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர் என்பதும் உண்மைதான்.

முன்பக்கத்துப் பெயரையும் சற்று நிதானமாகப் படியுங்கள். 'கோழி சேர்த்தது' என்று போட அமெரிக்க விதிப்படி 3 சதவீதக் கோழியும், ஐரோப்பிய முறைப்படி 4 சதவீதக் கோழியும் போதும். 'கோழிச் சுவை' என்றால் அவ்வளவும்கூடத் தேவையில்லை. நான் முதலில் தேடுவது வேறொரு சிறிய வரியை: இது முழுமையான உணவா, துணை உணவா, முழுமையானது என்றால் வாழ்வின் எந்தக் கட்டத்துக்கு? துணை உணவை மட்டுமே மாதக்கணக்கில் கொடுத்துவிட்டு, நாய் ஏன் இளைக்கிறது என்று கேட்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். பெரிய இனக் குட்டியாக இருந்தால், பெரிய இனக் குட்டிகளின் வளர்ச்சிக்கு ஏற்றது என்ற குறிப்பு அவசியம் வேண்டும். அளவுக்கு மீறிய கால்சியம் அவற்றின் எலும்பு வளர்ச்சியைக் கெடுக்கும். நல்லெண்ணத்தோடு மேலும் ஒரு கால்சியம் மாத்திரை வாங்கிச் சேர்ப்பது அதே தவற்றைக் காசு கொடுத்துச் செய்வதாகும்.

கேள்வி: பையில் அச்சிட்ட அளவுப்படிதான் கொடுக்கிறேன். ஆனாலும் நாய் குண்டாகிக்கொண்டே போகிறது. விலை அதிகமான எடைக்குறைப்பு உணவுக்கு மாற வேண்டுமா?

பதில்: மாறுவதற்கு முன் சமையலறைத் தராசை எடுங்கள். என் நாய்க்கு இடுப்பே காணாமல் போன ஒரு சமயத்தில், நானும் 'ஒரு குவளைதான் கொடுக்கிறேன்' என்று சத்தியம் செய்துகொண்டிருந்தேன். அந்தக் குவளை 90 கிராம் கொள்ளும் என்பது என் நினைப்பு. தராசில் வைத்தபோது, விளிம்பு மட்டத்துக்கு 112 கிராம்; நான் வழக்கமாக அள்ளும் விதத்தில், மேலே சிறு குன்றோடு, 127 கிராம். மாற்ற வேண்டியிருந்தது உணவை அல்ல, குவளையை.

பையிலுள்ள அட்டவணை ஒரு தொடக்கப் புள்ளி மட்டுமே. கால்நடை மருத்துவர்கள் பயன்படுத்தும் கணக்கை நீங்களும் போட்டுப் பார்க்கலாம். நாயின் எடையைக் கிலோவில் எடுத்து, அதை அதனாலேயே இருமுறை பெருக்கி, வரும் எண்ணுக்கு இருமுறை வர்க்கமூலம் கண்டு, 70-ஆல் பெருக்குங்கள். 10 கிலோ நாய்க்கு ஏறத்தாழ 394 கிலோ கலோரி வரும். இது ஓய்வு நிலைத் தேவை. கருத்தடை செய்யப்பட்ட, வளர்ந்த நாய்க்கு இதை 1.6-ஆல் பெருக்குவது வழக்கம் என்பதால், நாளுக்கு 630 அளவில் நிற்கும். உங்கள் உணவு 100 கிராமுக்கு 360 கிலோ கலோரி தருவதானால், நாள் முழுவதற்கும் 175 கிராம். தின்பண்டங்களும் இந்த 630-க்குள்தான் அடங்க வேண்டும். அவை பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. வீட்டில் நான்கு பேர், ஆளுக்கு ஒரு பிஸ்கட், யாரும் யாருக்கும் சொல்வதில்லை என்றால் அந்த எல்லை காலையிலேயே தாண்டப்பட்டிருக்கும்.

அளந்து கொடுத்தும் குறையவில்லை, வழக்கமான உணவையே மிகவும் குறைத்தால்தான் எடை இறங்கும் என்ற நிலை வந்தால், அப்போது எடைக்குறைப்பு உணவுக்குப் பொருள் உண்டு. சாதாரண உணவை வெட்டும்போது கலோரியோடு புரதமும் தாதுக்களும் சேர்ந்தே குறைகின்றன. எடைக்குறைப்பு உணவில் அவை அடர்த்தியாக வைக்கப்பட்டிருக்கும். மாறும்போது 7 முதல் 10 நாள் வரை பழையதோடு கலந்து மாற்றுங்கள்.

கேள்வி: பெரிய நாய்களுக்கான உண்ணிச் சொட்டு மருந்தை வாங்கி, சிறிய நாய்கள் வைத்திருக்கும் மூன்று பேர் பங்கிட்டுக்கொண்டால் மிச்சமாகும் என்கிறார்கள். எங்கள் வீட்டில் பூனையும் இருக்கிறது.

பதில்: வேண்டாம். குழாயில் உள்ள அளவு ஒரு குறிப்பிட்ட எடை வரம்புக்கானது. ஊசிக்குழலில் இழுத்து மூன்றாகப் பிரிக்கும்போது ஒன்றுக்கு மிகுந்தும் மற்றொன்றுக்குக் குறைந்தும் போகும்.

பூனை இருப்பதால் இது இன்னும் தீவிரமாகிறது. நாய்களுக்கான சில சொட்டு மருந்துகளில் செறிவான பெர்மெத்ரின் இருக்கிறது. பூனையின் கல்லீரலால் அதைச் சரிவரச் சிதைக்க முடியாததால், நடுக்கமும் வலிப்பும் வந்து உயிரே போகலாம். பூனைக்கு நேராகப் போட வேண்டும் என்றுகூட இல்லை. மருந்து காயாத நாயின் முதுகில் சாய்ந்து படுத்தாலோ அதை நக்கினாலோ போதும். ஆகவே பெட்டியின் முன்பக்கத்தில் உள்ள படத்தைப் பார்க்காமல், செயல்படு பொருளின் பெயரைப் படித்து வாங்குங்கள்.

மென்று விழுங்கும் மாத்திரைக்கு மாறலாமே என்று அடுத்து கேட்பீர்கள். ஃப்ளூரலேனர், அஃபாக்சொலேனர் போன்றவை நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் இவ்வகை மருந்துகள் சில நாய்களுக்கு நடுக்கத்தையும் வலிப்பையும் ஏற்படுத்தலாம் என்று 2018-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்தது. நாய்க்கு முன்பு வலிப்பு வந்திருந்தால், மருத்துவரிடம் அதைச் சொல்லாமல் வாங்காதீர்கள்.

கேள்வி: இணையத்தில் வாங்கிய மார்புப்பட்டையிலிருந்து என் நாய் பின்னோக்கி இழுத்து நழுவிவிடுகிறது. திருப்பிக் கொடுக்கப் போனால் 'பயன்படுத்தியது' என்று மறுக்கிறார்கள்.

பதில்: அவர்கள் மறுப்பதற்கு, பட்டையில் நாயின் முடியும் அழுக்கும் ஒட்டியிருந்ததே காரணமாக இருக்கும். அடுத்த முறை சீட்டைக் கிழிக்காமல் வீட்டுக்குள்ளேயே சோதியுங்கள். பட்டையை மாட்டி, நாய்க்கு எதிரே நின்று, தின்பண்டத்தைக் காட்டியபடி வாரை உங்கள் பக்கம் மெதுவாக இழுங்கள். நாய் தலையைத் தாழ்த்திப் பின்வாங்கும். அப்போது பட்டை காதுவரை ஏறி வந்தால், அது தெருவிலும் கழன்றுவிடும். வாங்கும் முன் முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால் மார்பைச் சுற்றித் தையல் நாடாவால் அளந்துகொள்ளுங்கள். இன அட்டவணையை நம்ப வேண்டாம். மாட்டிய பின் இரண்டு விரல்கள் தட்டையாக நுழைய வேண்டும், மூன்றாவது நுழையக் கூடாது. அக்குளில் உரசும் பட்டையை எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

கேள்வி: மைக்ரோசிப் பொருத்தினால் நாய் எங்கே இருக்கிறது என்று செல்பேசியில் தெரியுமா?

பதில்: தெரியாது. அதில் மின்கலமும் இல்லை, இடங்காட்டும் வசதியும் இல்லை. அருகில் வைத்து வருடும் கருவிக்கு (ஸ்கேனர்) ஓர் எண்ணைத் தருவது மட்டுமே அதன் வேலை. சர்வதேசத் தரத்தின்படி அந்த எண் 15 இலக்கங்கள் கொண்டது. பதிவேட்டில் உங்கள் பழைய தொலைபேசி எண் இருக்குமானால் அந்த 15 இலக்கங்களாலும் பயனில்லை.

கேள்வி: கடிப்பதற்குக் கொம்புத் துண்டு நெடுநாள் உழைக்கும் என்று வாங்கினேன். சரிதானே?

பதில்: நெடுநாள் உழைப்பதுதான் அதன் குறை. கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் விழவில்லை என்றால் அது நாயின் பல்லுக்கும் மிகக் கடினம். பெரும்பாலும் உடைவது மேல்தாடையின் பெரிய அரைக்கும் பல். அதைச் சரிசெய்யும் செலவில் நூறு மென்மையான கடிபொம்மைகள் வாங்கலாம். வேகவைத்த எலும்பும் வேண்டாம். அது கூரிய சிம்புகளாக உடையும்.

கேள்வி: வாங்கி நான்காம் நாளே குட்டிக்கு வாந்தியும் இரத்தக் கழிச்சலும். பார்வோ என்ற வைரஸ் நோய் என்று உறுதியாகி, இப்போது சிகிச்சையில் இருக்கிறது. 'விற்கும்போது நன்றாகத்தான் இருந்தது, தடுப்பூசியும் போட்டிருந்தோம்' என்கிறார் விற்றவர். வேண்டுமானால் வேறு குட்டி தருகிறாராம்.

பதில்: அவர் சொல்லும் இரண்டும் உண்மையாகவே இருக்கலாம், இருந்தும் அவர் பொறுப்பு தீர்ந்துவிடாது. பார்வோ வைரஸ் உடலில் நுழைந்து அறிகுறி தெரியப் பெரும்பாலும் 3 முதல் 7 நாள் ஆகும். சில சமயம் இரண்டு வாரம்கூட. நான்காம் நாளில் நோய் வெளிப்பட்டதால், உங்கள் வீட்டுக்கு வரும் முன்பே தொற்றியிருக்க வாய்ப்பு மிகுதி. இதைத் தேதிகளோடு எழுதித் தருமாறு சிகிச்சை செய்யும் மருத்துவரிடம் கேளுங்கள்.

தடுப்பூசி விஷயத்தில், 'போட்டாயிற்று' என்ற சொல்லுக்குள் நிறைய ஒளிந்திருக்கிறது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள்கள் குட்டியின் உடலில் இருக்கும்வரை தடுப்பூசி சரியாகப் பிடிக்காமல் போகலாம். அதனால்தான் 6 முதல் 8 வார வயதில் தொடங்கி, 2 முதல் 4 வார இடைவெளிகளில், குறைந்தது 16 வாரம் ஆகும்வரை தொடர்ந்து போடுகிறார்கள். ஒரே ஓர் ஊசி போட்ட குட்டி முழுப் பாதுகாப்புப் பெற்ற குட்டி அல்ல. அட்டையில் மருந்துப் புட்டியிலிருந்து உரித்து ஒட்டிய தொகுதி எண் சீட்டும், மருத்துவரின் கையொப்பமும், தேதியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். வெறும் பேனா எழுத்து மட்டும் இருந்தால் அதையும் படமெடுத்து வையுங்கள். விளம்பரம், பணம் செலுத்திய சான்று, செய்தி உரையாடல், பரிசோதனை முடிவு, சிகிச்சை ரசீதுகள் ஆகியவற்றை ஓரிடத்தில் சேர்த்து, என்ன கேட்கிறீர்கள், எந்தத் தேதிக்குள் என்று எழுத்தில் அனுப்புங்கள். தொலைபேசியில் சண்டை போட்டால் பின்னால் காட்ட எதுவும் இருக்காது. எழுத்துக்கும் பதில் வராவிட்டால் உங்கள் ஊருக்குரிய நுகர்வோர் குறைதீர் அமைப்புக்கு அதே கோப்போடு போகலாம்.

மாற்றுக் குட்டியை மட்டும் இப்போது ஏற்காதீர்கள். இந்த வைரஸ் தரையிலும் மண்ணிலும் பல மாதங்கள் உயிர்ப்போடு இருக்கும். சாதாரணச் சோப்பும் பல கிருமிநாசினிகளும் அதை ஒன்றும் செய்வதில்லை. அழுக்கை முழுவதும் கழுவிய பிறகு, 30 பங்கு நீரில் ஒரு பங்கு வெளுப்பான் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டால் தரையும் பாத்திரமும் சுத்தமாகும். தோட்டத்து மண்ணுக்கு அது போதாது. ஆகவே கேட்க வேண்டியது பணமும் சிகிச்சைச் செலவும். அந்த விற்பனையாளரிடம் அதே ஈற்றில் பிறந்த குட்டிகளை வாங்கியவர்கள் வேறு யாராவது இருந்தால், இன்றே அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். அவர்கள் குட்டிகளுக்கு இன்னும் அறிகுறி தொடங்காமல் இருக்கலாம்.