பசி மாத்திரை பதற்றத்தைத் தணிக்குமா?

அலர்ஜிக்கும் பசியின்மைக்கும் எழுதப்படும் சைப்ரோஹெப்டாடின் மாத்திரையை மன அழுத்தத்துக்குச் சாப்பிடலாமா என்று கேட்டு வந்த கடிதங்களை இந்த இதழில் ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம். மனநல மருத்துவரும் மருந்தியல் வல்லுநரும் சேர்ந்து பதில் சொல்கிறார்கள்.

உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக வந்ததற்கு, இரவில் 4 மி.கி. சைப்ரோஹெப்டாடின் எழுதிக் கொடுத்தார் டாக்டர். நாலே நாளில் தடிப்பு அடங்கிவிட்டது. கூடவே, வேலை நெருக்கடியால் மாதக்கணக்கில் இருந்த படபடப்பும் குறைந்திருக்கிறது. மிச்ச அட்டையை இதற்காகவே தொடரலாமா?

படபடப்பு குறைந்தது உண்மையாகவே இருக்கலாம். எதனால் குறைந்தது என்பதுதான் கேள்வி. இந்த ஒரே மாத்திரை மூன்று இடங்களில் கை வைக்கிறது. அலர்ஜியைக் கிளப்பும் ஹிஸ்டமின் என்ற ரசாயனம் போய் உட்காரும் இருக்கையான எச்1 ஏற்பியை அடைக்கிறது. அரிப்பு அடங்குவதும் கண் சொக்குவதும் அதனால்தான். செரட்டோனினின் 5-எச்டி2 வகை ஏற்பிகளை அடைக்கிறது. பசி கிளம்புவதில் இதற்குப் பங்கு உண்டு. அசிட்டைல்கோலின் என்ற நரம்பு ரசாயனத்தையும் தடுக்கிறது, வாய் உலர்வதும் மலம் இறுகுவதும் அந்தக் கணக்கில் வரும்.

முதல் வாரத்து நிம்மதியில் பெரும்பங்கு தூக்கத்தினுடையது. ராத்திரி முழுக்கச் சொறிந்துகொண்டு கிடந்தவர் நாலு இரவு அடித்துப்போட்டாற்போல் தூங்கினால், மறுநாள் மேலதிகாரி கத்தினாலும் அவ்வளவாக உறைக்காது. இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். மருத்துவர் சொன்ன நாட்கள் வரை சாப்பிடும்போதே ஒரு தாளில் இரண்டு பத்தி போட்டு, ஒன்றில் தூங்கிய மணி நேரத்தையும், மற்றதில் மாலை 4 மணிக்கு இருந்த பதற்றத்துக்கு 0 முதல் 10 வரை ஒரு மதிப்பெண்ணையும் எழுதுங்கள். தூக்கம் ஏறி, மாலை மதிப்பெண் அப்படியே நின்றால், உங்களுக்கு இது தூக்க மாத்திரையாகத்தான் வேலை செய்கிறது. இரண்டு வாரத் தாளோடு போனால் மருத்துவருக்கும் வேலை சுலபம்.

அமெரிக்காவில் 1961-ல் பெரியாக்டின் என்ற பெயரில் வந்தபோது இதற்குக் கிடைத்த அனுமதி அலர்ஜிக்கு. பதற்றத்துக்கு அனுமதி பெற்ற அலர்ஜி மருந்து வேறு: ஹைட்ராக்ஸிசின். அதற்கும் தூக்கம் உண்டு, இதயத் துடிப்பின் லயத்தைக் குலைக்கும் அபாயமும் உண்டு. ஐரோப்பாவில் 2015 முதல் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 100 மி.கி., முதியவர்களுக்கு 50 மி.கி. என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். ஆக, மிச்ச அட்டையை நீங்களாக நீட்டிக்க வேண்டாம். மருத்துவர் தம் பொறுப்பில் குறுகிய காலத்துக்கு எழுதினால் அது வேறு விஷயம்.

செரட்டோனின் மகிழ்ச்சி தரும் ரசாயனம் என்கிறார்கள். அதை அடைத்தால் எப்படி மனம் அமைதியாகும்?

'மகிழ்ச்சி ரசாயனம்' என்பது பத்திரிகைத் தலைப்புக்கு வசதியான பெயர். உடம்பிலுள்ள செரட்டோனினில் சுமார் 90 சதவீதம் குடலில் இருக்கிறது. அங்கே அதன் வேலை குடலை அசைப்பது. மூளையிலும் அது எந்த ஏற்பியில் போய் உட்காருகிறது என்பதைப் பொறுத்துத்தான் விளைவு. 5-எச்டி2ஏ, 5-எச்டி2சி ஏற்பிகளைத் தூண்டினால் பதற்றம் கூடலாம். ஏசிடிஎச், கார்டிசால் ஆகிய அழுத்த ஹார்மோன்களும் ஏறும். அப்படியானால் அந்த ஏற்பிகளை அடைத்தால் அழுத்தம் குறைய வேண்டுமே என்ற யோசனை இங்கிருந்துதான் பிறந்தது.

யோசனை நியாயமானது; பலன்தான் கூடவே வரவில்லை. கார்டிசால் அளவுக்கு மீறிச் சுரக்கும் கஷிங் நோய்க்கு இதை நாளொன்றுக்கு 24 மி.கி. கொடுத்து, சிலருக்குக் குறைந்ததாக 1975-ல் ஓர் அறிக்கை வெளியானது. பிறகு கொடுத்துப் பார்த்ததில் பலருக்கு இறங்கவில்லை. இறங்கியவர்களுக்கும் மருந்தை நிறுத்தியதும் ஏறிக்கொண்டது. அதுவும் கட்டியால் வரும் நோயின் கதை. வேலைப் பளுவில் காலையில் சற்றே ஏறும் கார்டிசாலுக்கு இந்தக் கணக்கைப் போடுவது பொருந்தாது. 'கார்டிசாலை அடக்கும் மாத்திரை' என்று யாராவது சொன்னால் இந்த 24 மி.கி.யை நினைத்துக்கொள்ளுங்கள்.

டாக்டர் எழுதித் தந்திருக்கிறார். எவ்வளவில் தொடங்குவது, முதல் வாரத்தில் எதை எதிர்பார்ப்பது?

அலர்ஜிக்குப் பெரியவர்களுக்கான வழக்கமான அளவு 4 மி.கி. மாத்திரை நாளுக்கு மூன்று வேளை. நாளுக்கு 4 முதல் 20 மி.கி. வரை போகும். எடைக்கு ஏற்ற உச்சவரம்பு, கிலோவுக்கு நாளொன்றுக்கு அரை மி.கி. பதற்றத்துக்கென்று வகுக்கப்பட்ட அளவு கிடையாது. அதனால் தூக்கத்துக்காக எழுதும் மருத்துவர்கள் பெரும்பாலும் இரவில் 2 மி.கி. அல்லது 4 மி.கி. என்று அடியிலிருந்தே தொடங்குவார்கள். உங்கள் சீட்டில் என்ன இருக்கிறதோ அதுதான் உங்கள் அளவு.

அரை மாத்திரை என்றால் நடுக்கோடு உள்ள மாத்திரையாகப் பார்த்து வாங்குங்கள். காய்கறிக் கத்தியால் அழுத்தினால் ஒரு பாதி பொடியாகி, ஒரு நாள் 1 மி.கி., மறுநாள் 3 மி.கி. என்று போய்விடும். மாத்திரை வெட்டும் சிறு பெட்டியில் கோட்டை அலகுக்கு நேராக வைத்து ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும். ஒரு நாளைக்கு ஒன்றை மட்டும் வெட்டி, மறுபாதியை அடுத்த இரவே சாப்பிட்டுவிடுங்கள். அட்டை முழுவதையும் வெட்டி டப்பாவில் போட்டால் ஈரம் இழுத்து உதிரும்.

சிரப் பொதுவாக 5 மி.லி.க்கு 2 மி.கி. அப்படியானால் 4 மி.கி.க்கு 10 மி.லி. ஆனாலும் லேபிளைப் படிக்காமல் ஊற்றாதீர்கள். வேறு மருந்து கலந்த கூட்டு சிரப்புகளும் இருக்கின்றன, சார்பிட்டால் இனிப்பு சேர்த்தவை வயிற்றைப் போக்கும். சமையலறைக் கரண்டி வேண்டாம். அளவுக் குப்பியை மேசையில் வைத்து, கண்ணைக் கோட்டுக்கு நேராகக் கொண்டுவந்து பாருங்கள். ஊசியில்லாத சிரிஞ்சு இன்னும் நல்லது.

முதல் மூன்று நான்கு நாள் காலையில் தலை பஞ்சு அடைத்த மாதிரி இருக்கும். அந்த நாட்களிலும், அளவைக் கூட்டும் ஒவ்வொரு முறையும், வண்டி ஓட்டுவதும் இயந்திரத்தில் கை வைப்பதும் கூடாது. பலருக்கு அதற்குப் பிறகு மந்தம் தெளிந்துவிடும். மந்தம் தெளியும்போதே, வந்த நிம்மதியும் மெதுவாக நழுவுவதாகப் பலர் எழுதியிருக்கிறார்கள். அதில் ஆச்சரியமில்லை, இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை. அப்போது அளவைக் கூட்டத் தோன்றும்; வழி தவறுவது பெரும்பாலும் அங்கேதான். கூட்டினால் இன்னும் நாலு நாள் தூக்கம் கிடைக்கும், கூடவே வாய் வறட்சியும் மலச்சிக்கலும் மங்கலான பார்வையும் ஏறும். மதுவோடு சேர்ந்தால் மந்தம் பன்மடங்கு.

இரண்டு மாதத்தில் நான்கு கிலோ ஏறிவிட்டேன். மனம் அமைதியாக இருக்கிறது, ஆனால் ராத்திரி 11 மணிக்குப் பசிக்கிறது.

மருந்து கோளாறு செய்யவில்லை, தன் வேலையைத்தான் செய்கிறது. போதும் என்று மூளைக்குச் சொல்லும் செரட்டோனின் சமிக்ஞை 5-எச்டி2சி வழியாகப் போகிறது. அதை அடைத்தால் தட்டு காலியானாலும் 'போதும்' வந்து சேராது. எடை கூட வேண்டிய குழந்தைகளுக்குப் பசி தூண்டக் கொடுப்பதும் இதனால்தான்.

சில சில்லறை உபாயங்கள்: மாத்திரையை உணவுக்கு முன் போடாமல், சாப்பிட்டு முடித்துப் படுக்கும் நேரத்தில் போட்டால் பசியின் ஒரு பகுதியாவது தூக்கத்தில் கழியும். வாரம் ஒரே நாள், காலையில் கழிவறை போய்வந்த பிறகு எடை பாருங்கள். ஒரு மாதத்தில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் அடுத்த சீட்டு வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். சர்க்கரை நோய் இருந்தால் இன்னும் முன்னதாகவே. வாய் உலர்ந்ததற்கு இனிப்புப் பானம் குடித்தே எடையில் பாதியை ஏற்றிக்கொள்கிறவர்களும் உண்டு. தண்ணீரும் சர்க்கரையில்லாத சூயிங்கமும் போதும், உமிழ்நீர் குறைந்த வாயில் பல் சீக்கிரம் சொத்தையாகும் என்பதால் பல்லுக்கும் நல்லது.

உடம்பு தேற என்று லேபிளில்லாமல் விற்கும் பொட்டலங்களைத் தொடவே வேண்டாம். சைப்ரோஹெப்டாடினோடு டெக்ஸாமெத்தசோன் ஸ்டீராய்டும் சேர்த்துத் தரும் பழக்கம் உண்டு. அதை வாரக்கணக்கில் சாப்பிட்டுத் திடீரென நிறுத்தினால் உடம்பின் சொந்தக் கார்டிசால் சுரப்பே தடுமாறும்.

எஸ்சிட்டலோபிராம் சாப்பிடுகிறேன். அதோடு இதையும் போட்டால் இரட்டைப் பலனா?

ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிக்கிற கதை. எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின், ஃப்ளூவாக்ஸெடின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் எல்லாம் செரட்டோனினைக் கூட்டுகின்றன; இது அந்தச் செரட்டோனின் உட்காரும் இருக்கைகளில் சிலவற்றைப் பிடித்துக்கொள்கிறது. இந்த மருந்துகளால் வரும் பாலுறவுக் குறைபாட்டுக்காகச் சைப்ரோஹெப்டாடினைச் சேர்த்தபோது, அடங்கியிருந்த மனச்சோர்வு திரும்பிய நோயாளிகளைப் பற்றிய பதிவுகள் இருக்கின்றன. மருத்துவர் தெரிந்தே சேர்த்தால் மனநிலையைக் கவனித்தபடி செய்வார். உங்களுக்கு நீங்களே சேர்த்துக்கொண்டால் சோர்வு ஏன் வந்தது என்பதே யாருக்கும் பிடிபடாது. எம்ஏஓஐ எனப்படும் பழைய வகை மனச்சோர்வு மருந்து சாப்பிடுபவர்கள் இதைத் தொடவே கூடாது. அமிட்ரிப்டிலின் என்ற இன்னொரு மனச்சோர்வு மருந்தோடு சேர்ந்தால் வறட்சியும் மலச்சிக்கலும் இரண்டு பக்கமிருந்தும் வரும்.

இந்த எதிர்ப்புக் குணம் பயன்படும் இடமும் ஒன்று உண்டு. செரட்டோனின் மிஞ்சிப்போய் நடுக்கம், தசைத் துடிப்பு, வியர்வை, காய்ச்சல், தலைகால் புரியாத பதற்றம் எல்லாம் சேர்ந்து வரும் செரட்டோனின் நோய்த்தொகுதியில், மருத்துவமனையில் முதலில் 12 மி.கி., பிறகு தேவைக்கேற்ப 2 மணி நேரத்துக்கு ஒருமுறை 2 மி.கி. என்று கொடுப்பார்கள். ஊசி வடிவம் இல்லாததால், விழுங்க முடியாதவருக்கு மாத்திரையைப் பொடித்து மூக்குக் குழாய் வழியாகச் செலுத்துவார்கள். அந்த அறிகுறிகள் தெரிந்தால் வீட்டில் மாத்திரையைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

விபத்துக்குப் பிறகு கெட்ட கனவுகள். இது கனவை நிறுத்தும் என்று கேள்விப்பட்டேன்.

ஒரு காலத்தில் அப்படி நம்பினார்கள். சில நோயாளிகளின் பழைய குறிப்புகளைப் புரட்டிப் பார்த்தபோது நம்பிக்கை தருவதாகவே இருந்தது. பிறகு போர் அனுபவத்தால் மனக்காயம் பட்ட முன்னாள் வீரர்களிடம் மருந்தே இல்லாத போலி மாத்திரையோடு ஒப்பிட்டுச் செய்து 2000-ல் வெளியான ஆய்வில் பலன் தெரியவில்லை. தூக்கம் சற்று மோசமாகும் சாயலே தென்பட்டது. கனவுகளுக்கென்றே பேச்சு சிகிச்சை இருக்கிறது: கனவின் முடிவை விழித்திருக்கும்போது மாற்றி எழுதி, தினமும் பத்து இருபது நிமிடம் மனதில் ஓட்டிப் பழகுவது. அதைச் சொல்லித்தரும் மனநல ஆலோசகரைக் கேளுங்கள்.

அப்பாவுக்கு 72 வயது. எனக்குக் கொடுத்ததையே அவருக்கும் கொடுக்கலாமா?

கூடாது. புராஸ்டேட் வீங்கியவருக்கு ஒரே இரவில் சிறுநீர் அடைத்துக்கொள்ளும். குறுகிய கோணக் கண் அழுத்த நோயில் கண் வலித்துப் பார்வை போகலாம். முதியோருக்குக் குழப்பம், தள்ளாட்டம், விழுந்து எலும்பு முறிவு. முதியோருக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பீர்ஸ் பட்டியலில் இதுவும் இருக்கிறது. பாலூட்டும் தாய்மாருக்கும் கூடாது. இரைப்பை வாய் சுருங்கியவர்களுக்கும் அப்படியே.

குழந்தைகள் உள்ள வீட்டில் சிரப் பாட்டிலை உயரத்தில் பூட்டி வையுங்கள். இனிப்பாக இருக்கும்; அதிகம் குடித்த குழந்தைக்கு மாயக்காட்சியும் வலிப்பும் வரலாம், உயிருக்கும் ஆபத்து.

மூன்று மாதமாக இரவில் 4 மி.கி. சட்டென்று நிறுத்தினால்?

ஆபத்து பெரிதாக இல்லை, அசௌகரியம் உண்டு. சில நாள் தூக்கம் கெடும், குமட்டும், எரிச்சல் வரும். அதை 'பழைய பதற்றம் திரும்பிவிட்டது' என்று எண்ணி மறுபடி தொடங்குகிறவர்கள் நிறைய. மருத்துவர் ஒப்புக்கொண்டால் ஒரு வாரம் 2 மி.கி., அடுத்த வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் 2 மி.கி., பிறகு நிறுத்தம். தூக்கம் சரியாக ஒரு வாரமாவது கொடுங்கள். அதன் பிறகும் மாலை 4 மணி மதிப்பெண் 6, 7 என்று நின்றால், மருந்துக்குக் கீழே பதற்றம் அப்படியேதான் இருந்திருக்கிறது. அதற்கான சிகிச்சையை அந்தத் தாளோடு போய்த் தொடங்கலாம்.

அலர்ஜிக்குத் தோல் பரிசோதனை எழுதியிருக்கிறார்கள். மாத்திரையை எப்போது நிறுத்த வேண்டும்?

இது உடம்பில் இருந்தால் ஊசி குத்திய இடத்தில் தடிப்பு எழாது, இருக்கிற அலர்ஜியும் இல்லை என்று முடிவு வரும். ஒரு வாரம் முதல் 10 நாள் வரை இடைவெளி கேட்பது வழக்கம். பரிசோதனை செய்யும் இடத்தில் சொல்லும் கணக்கையே பின்பற்றுங்கள். சிறுநீரில் மருந்து தேடும் சில விரைவுச் சோதனைகளில் இது அமிட்ரிப்டிலின் வகை மாத்திரை போலத் தவறாகக் காட்டுவதும் உண்டு. எந்தச் சோதனைக்குப் போனாலும் சாப்பிடும் மருந்துகளின் பட்டியலில் இதன் பெயரையும் எழுதிவிடுங்கள்.