‘கேட்டகிரி 1’ என்றால் முதல் தரம் இல்லை

கேள்வி: ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊரில் என் வீட்டுக்காரர் ஃபைபர் வள்ளங்களைப் பழுது பார்க்கிறார். ஃபைபரோடு சேர்த்துப் பூசும் ரெசின் என்ற பிசினை இறுக வைக்கும் திரவம்தான் கேட்டலிஸ்ட். இவ்வளவு நாளும் ஏஜென்ட் பாட்டிலில் ஊற்றித் தந்ததைத்தான் வாங்கினோம். இந்த முறை சீல் வைத்த கேன் கிடைத்தது. அதில் சிவப்புக் கட்டத்துக்குள் படங்களும் ‘டேஞ்சர்’ என்ற சொல்லும் இருக்கின்றன. கூட வந்த தாளில் ‘கேட்டகிரி 1’ என்று இருக்கிறது. “முதல் தரச் சரக்கு, பயப்படாதீங்க” என்கிறார் ஏஜென்ட். நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள். அந்த 1 சரக்கின் தரத்தைச் சொல்லவில்லை, ஆபத்தின் அளவைச் சொல்கிறது. இந்த லேபிள் முறையில் எண் சிறியதாக இருந்தால் ஆபத்து பெரியது. கண்ணுக்கு வரும் ஆபத்தில் ‘கேட்டகிரி 1’ என்றால் அந்தத் திரவம் கண்ணில் பட்டால் பார்வை திரும்பாமலே போகலாம் என்று பொருள். பிரஷ் கழுவும் அசிட்டோனுக்குத் தீப்பிடிப்பதில் கேட்டகிரி 2. ரெசினில் இருக்கும் ஸ்டைரீனுக்கு 3. மூன்றுதானே என்று அதையும் லேசாக நினைக்க முடியாது. சுமார் 31 டிகிரி வெப்பத்திலேயே ஸ்டைரீனின் ஆவி தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். சித்திரை மாதத்துத் தகரக் கொட்டகைக்குள் அதைவிட அதிகமாகவே சூடு இருக்கும்.

‘டேஞ்சர்’, ‘வார்னிங்’ இரண்டும் நமக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். ‘டேஞ்சர்’தான் கடுமையானது. இரண்டையும் ஒரே லேபிளில் போட மாட்டார்கள், கடுமையான சொல்லை மட்டும் போடுவார்கள். படங்களில் நீங்கள் முதலில் தேட வேண்டியது, ஒரு கையின் மேலும் ஒரு கட்டையின் மேலும் திரவம் சொட்டும் படம். தோலையும் கண்ணையும் அரிக்கும் என்பது அதன் பொருள். கேட்டலிஸ்ட் கேனில் அது இருக்கும், பக்கத்திலேயே தீச்சுவாலையும் இருக்கும். இன்னொரு சொல்லும் ஆளை ஏமாற்றும். டேங்கர் லாரிகளில் ‘இன்ஃப்ளேமபிள்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்து, முன்னால் ‘இன்’ இருப்பதால் தீப்பிடிக்காது என்று நினைப்பவர்கள் உண்டு. ‘ஃப்ளேமபிள்’, ‘இன்ஃப்ளேமபிள்’ இரண்டுமே எளிதில் தீப்பிடிக்கும் என்றுதான் சொல்கின்றன. தீப்பிடிக்காததற்கு ‘நான்-ஃப்ளேமபிள்’ என்று எழுதுவார்கள்.

எண் விஷயத்தில் ஒரு விலக்கு இருக்கிறது. அதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். சில டிரம்களில் நீலம், சிவப்பு, மஞ்சள், வெள்ளை என நான்கு நிறக் கட்டங்கள் சேர்ந்த சாய்சதுரம் ஒட்டியிருக்கும். அது அமெரிக்கத் தீயணைப்பு முறை. அதில் கணக்கு தலைகீழ். 0 என்றால் ஆபத்து மிகக் குறைவு, 4 என்றால் மிக அதிகம். நீலம் உடம்புக்கு, சிவப்பு தீக்கு, மஞ்சள் வெடித்துச் சிதறும் குணத்துக்கு. ஆக, தாளில் 1 என்று இருந்தால் பயப்பட வேண்டும், இந்தச் சாய்சதுரத்தில் 1 என்று இருந்தால் அவ்வளவு பயம் வேண்டாம். ஒரே கொட்டகையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். போதாததற்கு, லாரியில் ஏற்றுவதற்காக ஒட்டும் சாய்சதுரத்தின் கீழ் முனையிலும் ஒரு எண் இருக்கும். 3 என்றால் தீப்பிடிக்கும் திரவம், 5.2 என்றால் ஆர்கானிக் பெராக்சைடு. உங்கள் கேட்டலிஸ்ட் அந்த இனம். அந்த எண் வகையை மட்டும் சொல்லும், அளவைச் சொல்லாது. ஒரே எண்ணுக்கு மூன்று அர்த்தம் வைத்துவிட்டு, அத்தனையையும் ஆங்கிலத்தில் அச்சடித்துக் கடற்கரைக்கு அனுப்புகிறார்கள். கிரிமினல் கேஸ் போட வேண்டிய அலட்சியம் இது. ரெசினைக் கையால் தொடுகிறவருக்குப் புரியாத லேபிள் யாருக்காக?

எனக்குக் கேனைவிட அந்தப் பழைய பாட்டில்தான் அதிகக் கவலை. ஏஜென்ட்கள் டிரம்மை உடைத்துத் தண்ணீர் பாட்டிலிலும் கலர் பாட்டிலிலும் ஊற்றி விற்பதுதான் இந்தக் கரையில் நடக்கும் மிகப் பெரிய அநியாயம். கேட்டலிஸ்ட் பார்ப்பதற்குத் தண்ணீர் மாதிரியேதான் இருக்கும். பாம்பன் பக்கம் ஒரு கொட்டகையில் நானே பார்த்தேன். மூலையில் ஃபைபர் மேட் சுருள் மேல் ஒரு லிட்டர் பாட்டில், பாதி காலி. பக்கத்திலேயே அதே மாதிரி இன்னொரு பாட்டில், அதில் குடிதண்ணீர். மூடியின் நிறம்கூட ஒன்றுதான். வேலை செய்த பையன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டியபோது எனக்கு மூச்சே நின்றுவிட்டது. நல்லவேளை, எடுத்தது தண்ணீர். அந்தச் சரக்குக்கு உரிய தாளைக் கேட்டு விற்ற கடைக்குப் போனேன். “அதெல்லாம் பெரிய கம்பெனிக்குத்தான் சார்” என்றார்கள். அது பொய். ‘சேஃப்டி டேட்டா ஷீட்’ என்ற அந்தத் தாளைக் கேட்பது வாங்குகிறவரின் உரிமை. 16 பகுதிகள் இருக்கும். உங்களுக்கு 2, 4, 7 போதும்: என்ன ஆபத்து, பட்டால் என்ன முதலுதவி, எப்படி வைத்திருப்பது. பள்ளியில் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் அந்த மூன்றையும் தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

லேபிள் இல்லாத பாட்டிலில் இன்னொரு விபரீதமும் உண்டு. ரெசின் சீக்கிரம் இறுகுவதற்காக ஊற்றும், ஊதா நிறத்தில் வரும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேராகச் சேர்த்தால் தீப்பிடிக்கலாம், வெடிக்கவும் செய்யலாம். கோபால்ட்டை முதலில் ரெசினில் ஊற்றி நன்றாகக் கலக்கி முடித்த பிறகுதான் கேட்டலிஸ்ட் சேர வேண்டும். அளக்கும் கப்பும் வேறு வேறாக இருக்க வேண்டும். கோபால்ட் ஏற்கெனவே கலந்த ரெசினே கடையில் கிடைக்கிறது. அதையே கேட்டு வாங்கினால் இந்தக் கவலையே இல்லை. கேட்டலிஸ்ட்டை அசிட்டோன் விட்டு நீர்க்கச் செய்வதும் வேண்டாம். அப்படிச் சொல்லித் தருகிற ஏஜென்ட் அடுத்த முறை வாசலுக்கு வரக் கூடாது.

கடைசியாக, கண். கேட்டலிஸ்ட் தெறித்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதற்கு முன் கழுவ வேண்டும். இமையைப் பிரித்துப் பிடித்து, தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும்படி குறைந்தது 15 நிமிடம். அப்புறம்தான் வண்டி ஏற வேண்டும், கையில் அந்தத் தாளோடு. உங்கள் ஊரில் நல்ல தண்ணீரைக் குடக் கணக்கில் காசு கொடுத்து வாங்குகிறீர்கள், தெரியும். இருந்தாலும் குழாய் வைத்த ஒரு 20 லிட்டர் கேனைக் கொட்டகையில் இதற்கென்றே நிரப்பி வையுங்கள். அந்த 15 நிமிடத்துக்கு ஏறக்குறைய அவ்வளவு தண்ணீர் வேண்டும். ‘கண் கழுவ மட்டும்’ என்று அதன் மேல் மார்க்கரில் பெரிதாக எழுதுங்கள். டீ போட யாரும் அதைத் தொடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.