ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்புகிறவர் எதற்கெல்லாம் பொறுப்பு?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். பிஎச்.டி. மூன்றாம் ஆண்டில் இருக்கிறீர்கள். முதல் பேப்பர் தயார். வேலையில் பங்கே இல்லாத ஒருவரின் பெயரையும் சேர்க்கச் சொல்கிறார் கைடு. நேரம் குறைவாக இருப்பதால் இரண்டு ஜர்னல்களுக்கு ஒரே சமயத்தில் அனுப்பிவிடலாமா என்று யோசிக்கிறீர்கள். இதிலெல்லாம் எழுதுகிறவரின் அறப்பொறுப்பு என்ன என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் நுண்ணுயிரியல் துறையில் இருபது வருடங்களுக்கு மேலாகப் பாடம் நடத்துகிறேன். ஜர்னல்களுக்கு வரும் கட்டுரைகளைப் படித்துத் தரம் பார்த்துச் சொல்லும் ரிவியூவராகவும் இருக்கிறேன். என் அனுபவத்தில், நீளமான விதிப் பட்டியல்களை மனப்பாடம் செய்வதைவிட ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்வது உதவும். பேப்பரில் பெயர் போடுகிறேன் என்றால், இதில் உள்ள எதைப் பற்றி யார் எப்போது கேட்டாலும் பதில் சொல்ல நான் இருக்கிறேன் என்று கையெழுத்துப் போடுகிறேன். உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் விடை அதற்குள்ளேயே இருக்கிறது.

மருத்துவ இதழ்களின் எடிட்டர்களுடைய பன்னாட்டுக் குழு, கட்டுரையின் ஆசிரியர் என்று பெயர் போடுகிறவருக்கு நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது. மருத்துவம் தாண்டியும் பல துறைகளில் அதையே பின்பற்றுகிறார்கள். ஆய்வைத் திட்டமிட்டதிலோ தரவு திரட்டியதிலோ அலசியதிலோ கணிசமான பங்கு இருக்க வேண்டும். கட்டுரையை எழுதியிருக்க வேண்டும், அல்லது உள்ளடக்கத்தில் கைவைத்துத் திருத்தியிருக்க வேண்டும். இறுதி வடிவத்துக்குச் சம்மதம் தந்திருக்க வேண்டும். நான்காவது, முழு வேலைக்கும் பதில் சொல்ல ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த நான்காவதை 2013-ல்தான் சேர்த்தார்கள். நான்கில் மூன்று இருந்தால் போதும் என்பதெல்லாம் கிடையாது, நான்கும் வேண்டும். துறைத்தலைவர் என்பதாலோ கருவி வாங்கிக் கொடுத்தார் என்பதாலோ ஒருவர் ஆசிரியர் ஆகிவிட மாட்டார். அவருக்கு நன்றிப் பகுதி இருக்கிறது.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. என் எம்.ஃபில். வேலை பின்னாளில் ஒரு பேப்பராக வந்தது. நூலகத்தில் அந்த இதழைப் புரட்டும்போதுதான் பார்த்தேன். இரண்டாம் அட்டவணையில் இருந்த எண்கள் அத்தனையும் என் எண்கள். மேலே என் பெயர் இல்லை, நன்றியிலும் இல்லை. அன்றைக்கு யாரிடமும் கேட்கத் துணிவு வரவில்லை. உழைக்காதவர் பெயரைச் சேர்ப்பதும் உழைத்தவர் பெயரை விடுவதும் ஒரே பொய்தான். வாசகர் அந்தப் பெயர்களை நம்பித்தான் படிக்கிறார். உங்கள் பேப்பரிலும் ஒருமுறை பாருங்கள். உங்களுக்காக இரவில் இன்குபேட்டரைப் பார்த்துக்கொண்ட ஜூனியரோ, கணக்குப் போட்டுக் கொடுத்த நண்பரோ விடுபட்டிருக்கிறார்களா?

அடுத்து தரவு. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரிய மோசடிகள் எல்லாம் மிகச் சின்ன இடத்தில் ஆரம்பிக்கின்றன.

ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது ஒரு தாவரச் சாறு பாக்டீரியாவைத் தடுக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அகார் என்ற ஜெல்லி ஊற்றிய தட்டில் பாக்டீரியாவைப் பரப்பி, சாற்றில் நனைத்த காகித டிஸ்கை மேலே வைப்போம். மறுநாள் அதைச் சுற்றிப் பாக்டீரியா வளராத ஒரு வட்டம் தெரியும். அந்த வட்டத்தை ஸ்கேல் வைத்து அளப்போம். மூன்று தட்டு வைத்திருந்தேன். முதலில் 22 மில்லிமீட்டர், இரண்டாவதில் 21, மூன்றாவதில் 16. அந்த 16 எல்லாவற்றையும் கெடுத்தது. சராசரி இறங்கியது, வரைபடத்தில் எண்களின் சிதறலைக் காட்டும் பிழைக்கோடு நீண்டது. பக்கத்தில் இருந்த சீனியர் அக்கா, “அந்த ஒரு பிளேட்டை விட்டுடு, வேற ஒண்ணு போட்டுக்கோ, யாரு பாக்கப் போறா” என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அவருக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

16-ஐ அடித்துவிடப் பேனாவை எடுத்தும் விட்டேன். ஆனால் அந்தத் தட்டைக் கழுவப் போடும் முன் பக்கவாட்டில் பார்த்தபோது மற்ற இரண்டைவிட அகார் தடிமனாக இருந்தது தெரிந்தது. குடுவையில் மீந்ததை வீணாக்க வேண்டாமென்று கடைசித் தட்டில் முழுவதையும் ஊற்றியிருந்தேன். இந்தச் சோதனையில் அகார் நான்கு மில்லிமீட்டர் ஆழம் இருக்க வேண்டும். தடிமன் கூடினால் மருந்து கீழ்நோக்கியும் பரவி வட்டம் சுருங்கிவிடும். நான் அதுவரை ஒருநாளும் அளந்து ஊற்றியதில்லை. அப்படியென்றால் அந்த 22-ஐயும் 21-ஐயும்கூட நம்ப முடியாது, அதற்கு முந்தைய இரண்டு மாத எண்களையும் நம்ப முடியாது. கைடிடம் போய்ச் சொன்னேன். நோட்டில் 16 இருக்கட்டும், ஏன் வந்தது என்று பக்கத்திலேயே எழுது, எல்லாவற்றையும் திரும்பச் செய் என்றார். செய்தேன். 16-ஐ அன்றைக்கு அழித்திருந்தால் தவறான இரண்டு மாத வேலை அழகான வரைபடமாக அச்சேறியிருக்கும்.

தரவை விடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. விடுவதற்குக் காரணம் இருந்தால் விடலாம், ஆனால் எதை விட்டோம், ஏன் விட்டோம் என்பது பேப்பரில் இருக்க வேண்டும். ரா டேட்டா, அதாவது மூலத்தரவு, பத்திரமாக இருக்க வேண்டும். நோட்டில் அன்றைய தேதியில், அன்றைக்கே எழுதியதாக இருக்க வேண்டும்.

இது எங்கே போய் முடியும் என்பதற்கு யான் ஹென்ரிக் ஷோனின் கதை போதும். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் இருந்த இளம் இயற்பியலாளர். சயின்ஸ், நேச்சர் என்று பெரிய இதழ்களில் வரிசையாகக் கட்டுரைகள், நோபல் கிடைக்கும் என்றே பேசினார்கள். 2002-ல் வேறு பல்கலைக்கழகங்களில் இருந்த இயற்பியலாளர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். வெவ்வேறு சோதனைகளின் வரைபடங்களில் கோட்டின் மேல் தெரியும் சின்னச் சின்ன நடுக்கம் அப்படியே ஒன்றாக இருந்தது. அளவீட்டின் போது தற்செயலாக வரும் இரைச்சல் அது. ஒரே சோதனையை இரண்டாம் முறை செய்தாலே அது அச்சு அசலாகத் திரும்ப வராது, வேறு வேறு சோதனையில் எப்படி வரும்? விசாரணைக் குழு கேட்டபோது அவரிடம் முறையான நோட்டுகள் இல்லை. மூலக் கோப்புகளும் இல்லை, கணினியில் இடமில்லை என்று அழித்துவிட்டதாகச் சொன்னார். ஆராய்ந்த 24 குற்றச்சாட்டுகளில் 16 நிரூபணமாயின. சயின்ஸ் இதழ் மட்டும் எட்டுக் கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது.

கூட எழுதியவர்கள் மோசடி செய்யவில்லை என்று குழு சொன்னது. ஆனால் ஆசிரியர் வரிசையில் பெயர் இருந்த அவர்களில் மூலத்தரவைக் காட்டு என்று வற்புறுத்தியவர் எத்தனை பேர்? எனக்கு இந்த வழக்கில் அதிகம் வலிப்பது இதுதான். நல்லவர்கள்தான், நம்பினார்கள், பார்க்கவில்லை. கைடாக இருக்கும் நானும் இப்போது மாணவர்களின் நோட்டை மாதம் ஒருமுறை வாங்கிப் பார்க்கிறேன். சந்தேகத்தில் பார்க்கவில்லை, அவர்களோடு சேர்ந்து என் பெயரும் போவதால் பார்க்கிறேன்.

சரி, இரண்டு ஜர்னல்களுக்கு அனுப்பும் யோசனை. வேண்டாம். சப்மிட் செய்யும்போதே, இது வேறெங்கும் பரிசீலனையில் இல்லை என்று உறுதிமொழி கேட்பார்கள். இரண்டு இடத்திலும் அதை டிக் செய்தால் இரண்டு இடத்திலும் பொய். அதைவிட, ரிவியூவர்களை நினைத்துப் பாருங்கள். பெரும்பாலும் சம்பளம் இல்லாமல், வகுப்பு முடிந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் படிக்கிறோம். ஒரு பேப்பரைக் கவனமாகப் பார்க்க எனக்கு இரண்டு முழு நாள் போய்விடும். வேறொரு இதழில் ஏற்றுக்கொண்டார்கள் என்று நடுவில் திரும்பப் பெற்றால் அத்தனையும் வீண். முதல் ஜர்னல் மாதக்கணக்கில் பதில் சொல்லவில்லை என்றால் எடிட்டருக்கு மெயில் போட்டுக் கேளுங்கள். பிறகும் பதில் இல்லையென்றால் திரும்பப் பெறுவதாக எழுதி, உறுதி வந்த பிறகு அடுத்ததற்கு அனுப்புங்கள். கருத்தரங்கில் சுருக்கம் வாசித்ததையும் ப்ரீபிரின்ட் (ரிவியூவுக்கு முன்பே இணையத்தில் பொதுவில் வைக்கும் வரைவு) போட்டதையும் பல இதழ்கள் தடையாக எடுத்துக்கொள்வதில்லை, ஆனால் கவர் லெட்டரில் சொல்லிவிட வேண்டும்.

அவசரம் எதனால் என்பதையும் யோசியுங்கள். தீசிஸ் கொடுக்கும் முன் பேப்பர் வந்தாக வேண்டும் என்ற கட்டாயத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2022 விதிமுறைகளிலேயே நீக்கிவிட்டது. இருந்தும் சில பல்கலைக்கழகங்கள் தங்கள் விதியில் கேட்கலாம், உங்கள் பல்கலைக்கழக விதியை நேரில் வாசித்துப் பாருங்கள். பணம் கட்டினால் ஒரே வாரத்தில் போட்டுத் தருகிறோம் என்று வரும் மெயில்களைத் திறக்கவே வேண்டாம்.

எழுத்துத் திருட்டு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஒரு வார்த்தை. யுஜிசியின் 2018 விதிகளில், மற்றவர் எழுத்தோடு ஒத்துப்போகும் பகுதி 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை, அதற்கு மேல் 40, 60 என்று படிகள் உண்டு. இதனால் அதை மென்பொருள் கணக்கிட்டுத் தரும் சிமிலாரிட்டி ரிப்போர்ட் ஒன்பது காட்டினால் சுத்தம் என்ற எண்ணம் மாணவர்களிடம் பரவிவிட்டது. அடுத்தவர் கருத்தைச் சொற்களை மாற்றி எழுதினால் மென்பொருளுக்குத் தெரியாது, ஆனாலும் அது திருட்டுதான். அப்புறம் சாட்ஜிபிடி. மொழியைச் சரிசெய்யப் பயன்படுத்தினால் அந்த ஜர்னல் கேட்கிறபடி தெரிவித்துவிடுங்கள். அது கொடுக்கும் மேற்கோள் கட்டுரைகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள், இல்லாத கட்டுரைகளையும் இருப்பதுபோல எழுதித் தரும். 2023-லேயே முக்கிய இதழ்கள் அதை ஆசிரியராகப் போட முடியாது என்று அறிவித்துவிட்டன. காரணம் நான் முதலில் சொன்னதுதான், அது யாருக்கும் பதில் சொல்ல முடியாது.

மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வென்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதி, பங்கேற்பவரின் சம்மதம், பண ஆதாரம் ஆகிய மூன்றையும் ஒளிக்காமல் எழுத வேண்டும். 1998-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் பிரிட்டிஷ் மருத்துவர் வேக்ஃபீல்டு குழுவின் கட்டுரை வந்தது. வெறும் 12 குழந்தைகளை வைத்து, எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா) தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் தொடர்புபடுத்தியது. தடுப்பூசி நிறுவனங்கள் மீது வழக்குத் தயாரித்த வழக்கறிஞரிடமிருந்து அவருக்குப் பணம் வந்ததைக் கட்டுரை சொல்லவில்லை. குழந்தைகளுக்கு முறையான அனுமதி இல்லாமல் சோதனைகள் செய்ததும் பின்னர் வெளியானது. இதழ் அதைத் திரும்பப் பெற 2010 ஆகிவிட்டது. அந்தப் பன்னிரண்டு வருடங்களில் எத்தனையோ பெற்றோர் பயந்துபோய்த் தடுப்பூசி போடாமல் விட்டார்கள். அந்தப் பயம் இன்னும் முழுதாகப் போகவில்லை. பணம் வாங்கியதைச் சொல்லியிருந்தால் படித்தவர்கள் அந்தக் கட்டுரையை வேறு கண்ணோடு பார்த்திருப்பார்கள்.

பேப்பர் வந்த பிறகும் பொறுப்பு தொடர்கிறது. 2018-ல் வேதியியல் நோபல் பெற்ற ஃபிரான்சஸ் ஆர்னால்ட், தன் குழு 2019-ல் சயின்ஸில் வெளியிட்ட ஒரு கட்டுரையை 2020 ஜனவரியில் தாமே திரும்பப் பெற்றார். முடிவுகள் மறுபடி கிடைக்கவில்லை, நோட்டில் முக்கியமான சோதனைகளுக்கு அந்தந்த நாளின் பதிவும் மூலத்தரவும் இல்லை. சமர்ப்பித்த சமயத்தில் வேலை அதிகமாக இருந்தது, என் கடமையை நான் சரியாகச் செய்யவில்லை என்று டுவிட்டரில் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். அதற்குப் பிறகு அவர் மீது எனக்கு மரியாதை கூடியது. நேர்மையான தவறைத் திருத்த ஜர்னல்களில் வழி இருக்கிறது. சின்னப் பிழைக்குத் திருத்தம் போடுவார்கள், முடிவே சரியில்லை என்றால் திரும்பப் பெறுவார்கள்.

இனி உங்கள் கைடு. உங்கள் நிலைமை எனக்குப் புரிகிறது, அவர் கையெழுத்து இல்லாமல் நீங்கள் ஒரு படி நகர முடியாது. நேராக முடியாது என்று சொல்லிச் சண்டையில் இறங்கச் சொல்ல மாட்டேன். யார் என்ன செய்தார் என்ற விவரத்தை இப்போது பல ஜர்னல்கள் கேட்கின்றன. பதினான்கு வகைப் பங்களிப்புகள் கொண்ட ஒரு பட்டியல் இருக்கிறது, கருத்து, தரவு, அலசல், எழுத்து என்று போகும். அதை ஒரு பக்கத்தில் அச்செடுத்து, எல்லோர் பெயருக்கும் எதிரே நிரப்பிக் கொண்டுபோங்கள். கைடு சேர்க்கச் சொன்ன அந்த நபரின் பெயருக்கு எதிரே மட்டும் காலியாக விடுங்கள். “சார், ஜர்னல்ல இதை ஃபில் பண்ணச் சொல்றாங்க, இவர் பங்குன்னு என்ன எழுதட்டும்? ஒண்ணும் இல்லேன்னா நன்றிப் பகுதியில போட்டுடட்டுமா சார்?” என்று கேளுங்கள். உங்கள் குரல் கேட்க முடியாததை அந்தக் காலிக் கட்டம் கேட்டுவிடும். என் மாணவி ஒருத்தி வேறொருவர் விஷயத்தில் இப்படித்தான் கேட்டாள், அவர் தானாகவே விலகிக்கொண்டார்.

அப்படியும் சேர்க்கத்தான் வேண்டும் என்றால், துறையின் ஆய்வுக் குழு உறுப்பினர் ஒருவரிடம் தனியாகப் பேசுங்கள். தேதியோடு குறிப்பு வைத்துக்கொள்ளுங்கள். கடைசி வரைவை எல்லா ஆசிரியர்களுக்கும் ஒரே மெயிலில் அனுப்பி, படித்துச் சம்மதம் எழுதச் சொல்லுங்கள், மூலத்தரவு எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பதையும் அதிலேயே குறிப்பிடுங்கள். எல்லோரிடமிருந்தும் பதில் வந்த பிறகு சப்மிட் பட்டனை அழுத்துங்கள்.