வாசகர் கேள்வி – பதில்: குருவிக்கு ஒரு தீனிக்குடுவை

கேள்வி: காலியான ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் பறவைகளுக்குத் தானியம் வைக்கும் குடுவை செய்து, மொட்டைமாடித் துணிக்கொடியில் தொங்கவிட்டோம். முதல் மழைக்கே உள்ளிருந்த அரிசி கட்டிதட்டிப் பூஞ்சை பிடித்துவிட்டது. சிட்டுக்குருவி ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை. எங்கே தவறு?
— வாசகி, கும்பகோணம்

பதில்: பாட்டிலில் துளை போடுவது யாருக்கும் கைவரும், தானியத்தை ஈரம் அண்டாமல் காப்பதுதான் சிரமம். முதலில், கட்டிதட்டிய அரிசியைக் காயவைத்து மறுபடியும் போடாமல் குப்பையில் சேர்த்துவிடுங்கள். தானியத்தில், அதிலும் நிலக்கடலையிலும் மக்காச்சோளத்திலும், பிடிக்கும் சிலவகைப் பூஞ்சை அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சை உண்டாக்கும். அது பறவையின் கல்லீரலைக் கெடுத்துவிடும்.

புதிய பாட்டிலைக் கழுவி, உட்புறம் துளி ஈரமில்லாமல் உலர்த்திக்கொள்ளுங்கள். அடியிலிருந்து இரண்டு விரற்கடை உயரத்தில் எதிரெதிராக இரண்டு துளைகள் இட்டு, சமையலறையில் கழித்துக் கட்டிய மரக்கரண்டி ஒன்றை, அதன் குழிவான பகுதி பாட்டிலுக்கு வெளியே நிற்கும்படி செருகுங்கள். குழிவு இருக்கும் பக்கத்துத் துளையை மட்டும் சற்றே பெரிதாக்கினால், பறவை கொத்தக் கொத்தத் தானியம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்டியில் வந்து விழும். மறுபக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் காம்பு குருவி உட்காரும் கிளையாகிவிடும். துளையை இதைவிட உயரத்தில் இட்டால், அதற்குக் கீழே தங்கும் தானியம் வெளியே வராமல் நாள்பட்டுக் கெடும். கத்தியால் அறுத்த விளிம்பு பறவையின் காலைக் கீறும் என்பதால், கோணி ஊசியைச் சூடாக்கித் துளையிடுவதே நல்லது. இதைப் பெரியவர்கள், காற்றோட்டமான இடத்தில் செய்ய வேண்டும். அதே ஊசியால் அடிப்பாகத்தில் தானியம் நழுவாத அளவுக்குச் சில சிறு துளைகள் இட்டால், உள்ளே புகும் நீர் வடிந்துவிடும்.

தொங்கவிடுவதற்கு மூடியில் கட்டுக்கம்பியைக் கோத்துக்கொள்ளுங்கள். நைலான் நூலும் மாஞ்சாக் கயிறும் கால்களில் சுற்றிக்கொள்ளும் என்பதால் அவை வேண்டாம். கம்பியிலேயே பாட்டிலைவிட அகலமான பழைய டப்பா மூடி ஒன்றைக் குடைபோலக் கோத்துவிட்டால் தூறலுக்குத் தாங்கும்; ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கு அதுவும் போதாது, சன்ஷேடுக்கு அடியில்தான் மாட்ட வேண்டும்.

குருவி வராததற்குத் துணிக்கொடியே காரணமாக இருக்கலாம். காற்றில் ஊஞ்சலாடும் குடுவையில், ஒதுங்க ஒரு செடிகூட இல்லாத வெட்டவெளியில், சிட்டுக்குருவி எளிதில் வந்து அமராது. அசையாத இடத்தில், செடியோ கொடியோ அருகிலிருக்கும்படி, பூனை எட்டாத உயரத்தில் மாட்டிவிட்டு, இடத்தை மாற்றிக்கொண்டே இராமல் சில வாரங்கள் பொறுத்திருங்கள். அரிசியைவிடக் கம்பும் தினையும் குருணையும் சிட்டுக்குருவிக்கு உகந்தவை. ஓரிரு நாளில் தீருமளவு மட்டும் போட்டு, வாரம் ஒருமுறை குடுவையைக் கழுவிக் காயவையுங்கள்.

கேள்வி: பழைய தட்டில் தானியம் வைத்தால் புறாக்கள் கூட்டமாக வந்து தீர்த்துவிடுகின்றன. குருவிக்கு மட்டும் கிடைக்க வழியுண்டா?
— வாசகர், மதுரை

பதில்: தட்டு வைக்கும்வரை வழியில்லை. மாடப்புறா சமதளத்தில் நின்று பொறுக்கித் தின்னும் பறவை. தொற்றிக்கொண்டு கொத்துவது அதற்குக் கடினம், குருவிக்கோ அது இயல்பு. ஆகவே தட்டை எடுத்துவிட்டு, உட்காரும் காம்பை இரண்டு அங்குலத்துக்கு மிகாமல் நறுக்கிய தொங்கும் குடுவையை வையுங்கள். இதைவிட எளியது, நம் கிராமத்து வீடுகளின் முகப்பில் கட்டித் தொங்கவிடும் நெற்கதிர்க் கொத்து. பாட்டிலும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். கீழே சிந்தும் மணிகளை அன்றாடம் பெருக்கிவிடாவிட்டால் புறாக்கள் அதற்கே திரும்பி வரும். புறா எச்சத்தின் தூசியைத் தொடர்ந்து சுவாசிப்பவர்களுக்கு நுரையீரல் பாதிப்பு வருவதுண்டு. காய்ந்த எச்சத்தை நனைத்த பிறகே, முகக்கவசம் அணிந்து துடைத்தெடுங்கள்.

கேள்வி: மீந்த மிக்சரையும் பழைய சோற்றையும் குடுவையில் போடலாமா?
— வாசகி, நாகர்கோவில்

பதில்: மிக்சர் கூடாது, அதிலுள்ள உப்பும் எண்ணெயும் சிற்றுயிருக்குத் தாங்காது. உப்பில்லாத சோற்றைக் காலையில் சிரட்டையில் சிறிதளவு வைத்து, எஞ்சியதை மாலைக்குள் எடுத்துவிடலாம். குடுவைக்குள் போட்டால் நொதித்து நாறும். மற்றொரு சிரட்டையில் தண்ணீர் வைத்து நாள்தோறும் மாற்றுங்கள். சிட்டுக்குருவி தன் குஞ்சுக்குத் தானியத்தை அல்ல, பெரும்பாலும் புழுபூச்சியையே ஊட்டும். எனவே தொட்டிச் செடிகளுக்குப் பூச்சிமருந்து தெளிப்பதை நிறுத்துவதும் அதற்குத் தீனி வைப்பதே.