லான்மோவர் பிளென்னி நாள் முழுக்கக் கண்ணாடியைக் கொத்தியும் ஒரு மாதத்தில் மெலிந்து சாவது ஏன்? (மதுரை, 100 லிட்டர் கடல்நீர்த் தொட்டி)

பாசி தின்னும் இந்தக் கடல்மீனுக்கு நோய் இல்லை, பட்டினி. மருந்து பாட்டிலை முதலில் மூடி வையுங்கள்.

இதன் பல் சீப்பு மாதிரி. பாறைமேல் படலமாகப் படிந்த பாசியையும் வண்டலையும் சுரண்டத்தான் தோது. நீளமாக வளர்ந்த முடிப்பாசியைப் பெரும்பாலும் தொடாது. புதுத் தொட்டியில் அந்தப் படலம் சீக்கிரமே தீர்ந்துவிடும். அதன்பிறகு கொத்துவது வெறும் கண்ணாடியைத்தான். கண்ணாடியில் ஒட்டி நிற்கும்போது வயிற்றைப் பாருங்கள், உள்வாங்கியிருந்தால் அன்றே தீனி போட ஆரம்பிக்க வேண்டும். 'தொட்டியைச் சுத்தம் பண்ணும் மீன், தீனியே வேண்டாம்' என்று கடையில் சொல்லி விற்கிறார்களே, அந்த ஒரு வாக்கியம் கொன்ற பிளென்னிகளுக்குக் கணக்கே இல்லை.

எண்ணெய், மசாலா இல்லாத நோரித் தாளில் (காயவைத்த கடற்பாசித் தாள்) இரண்டு விரல் அகலம் கிழித்து, ரப்பர் பேண்டு போட்டுக் கல்லில் கட்டி, அது இருக்கும் பொந்துக்குப் பக்கத்தில் வையுங்கள். மிச்சத்தைச் சாயங்காலம் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் அது அழுகி, தண்ணீரில் நைட்ரேட் என்ற கழிவு ஏறும். கூடவே மூழ்கும் ஸ்பைருலினா (நுண்பாசி) குருணை. இதற்குக் காற்றுப்பை கிடையாது, தரையோடு தரையாகத்தான் வாழும். மிதக்கும் தீனியை மற்ற மீன்கள் முடித்துவிடும்.

பொந்துக்குள் வால் முதலில் நுழையும், தலை வெளியே. பொந்து அமைக்க மெருகு பூசாத மானாமதுரைச் சட்டி ஓடு போதும். செதில் இல்லாத உடம்பு, அதனால் விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். பாம்பன் பக்கம் பவளக்கல் பொறுக்கி வரச் சொல்லும் அறிவாளிகளுக்கு: பவளம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது, செத்த துண்டும் சேர்த்து.

சித்திரை வெயிலில் தொட்டி 31 டிகிரியைத் தாண்டும். இதற்கு 24 முதல் 27தான் சரி. நீர்மட்டத்தை உரசுகிற மாதிரி ஃபேன் வைத்தால் 2, 3 டிகிரி குறையும். ஆவியாகிற அளவுக்கு உப்புப் போடாத ஆர்ஓ தண்ணீரை ஊற்றுங்கள். உப்பு ஆவியாகாது, கடல்நீரையே ஊற்றினால் 1.025 ஆக இருக்க வேண்டிய ஒப்படர்த்தி (உப்பின் அளவைக் காட்டும் எண்) நாளுக்கு நாள் ஏறும். மாதாந்திர மின்தடை அன்றைக்கு பேட்டரி ஏர்பம்ப் கட்டாயம்.

100 லிட்டரில் நன்றாக வளர்க்கிறோம் என்று சண்டைக்கு வருபவர்கள் வரட்டும். 14 செ.மீ. வரை வளரும் மீன் இது. இதற்கு 200 லிட்டர், ஆறு மாதம் ஓடிப் பழகிய தொட்டி வேண்டும். மேலே வலை மூடி இல்லாவிட்டால் இரவில் குதித்துத் தரையில் காய்ந்து கிடக்கும்.