பாலும் ஆப்பிளும் யாருக்கு?

கேள்வி: ஒன்பதாம் வகுப்புக்கு ஜார்ஜ் ஆர்வெல்லின் 'அனிமல் ஃபார்ம்' நடத்துகிறேன். விலங்குகள் பண்ணைக்காரரை விரட்டிவிட்டுத் தாங்களே பண்ணையை நடத்துவதாகச் சொல்லி, ரஷ்யப் புரட்சியைக் கிண்டலடிக்கிற நாவல். நெப்போலியன் என்ற பன்றிதான் ஸ்டாலின், அதற்குப் போட்டியான பன்றி ஸ்னோபால்தான் ஸ்டாலினின் எதிராளி ட்ராட்ஸ்கி, பண்ணைக்காரர் ஜோன்ஸ்தான் ஜார் மன்னர் என்று முதல் நாளே போர்டில் பட்டியல் போட்டுவிட்டேன். மனப்பாடம் பண்ணிவிட்டார்கள். கதைதான் ஒட்டவில்லை. எங்கே தவறினேன்?
(ஆங்கில ஆசிரியை, தஞ்சாவூர்)

பதில்: அந்தப் பட்டியலில்தான். விடுகதை போடுவதற்கு முன்பே விடையைச் சொல்லிவிட்டால் பிள்ளைகள் எதைத் தேடுவார்கள்? அதுவும் ட்ராட்ஸ்கி யாரென்றே தெரியாத வயது. போர்டை அழித்துவிட்டு மூன்றாம் அத்தியாயத்தின் கடைசிக்குப் போங்கள்.

பண்ணையில் கறந்த பாலும் தோட்டத்தில் உதிர்ந்த ஆப்பிளும் பன்றிகளுக்கு மட்டும் என்று ஆகிவிடுகிறது, மற்ற விலங்குகள் முணுமுணுக்கின்றன, சமாதானம் சொல்லப் பன்றிகளின் பேச்சாளனான ஸ்க்வீலர் என்ற பன்றி வருகிறான். பேசுவது ஒரே ஒரு பத்திதான். எங்களில் பலருக்குப் பால், ஆப்பிள் என்றாலே ஆகாது, எனக்கும் ஆகாது என்கிறான். ஆனால் பன்றியின் உடம்புக்கு அவசியம் என்று அறிவியல் நிரூபித்துவிட்டதாம். மூளை உழைப்பெல்லாம் எங்கள் தலையில், ஆக உங்களுக்காகத்தான் குடிக்கிறோம். நாங்கள் கடமை தவறினால் ஜோன்ஸ் திரும்பி வந்துவிடுவான், அவன் வரவேண்டும் என்று உங்களில் யாராவது நினைக்கிறீர்களா? அவ்வளவுதான், கூட்டம் கப்சிப்.

இதை வகுப்பிலேயே நல்ல வாயாடிப் பையன் ஒருவனை விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். அப்புறம் ஒரு வேலை கொடுங்கள்: பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொண்டுவிட்டார், அதை நியாயப்படுத்தி ஸ்க்வீலர் பேசுவதுபோல் பத்து வரி எழுத வேண்டும். 'எனக்கும் மத்தியான வெயிலில் கணக்குப் போடப் பிடிக்காது, ஆனால்...' என்று அவர்களே ஆரம்பித்துவிடுவார்கள். 'பப்ளிக் எக்ஸாமில் ஃபெயிலாக யாருக்காவது ஆசையா?' என்ற வரியும் தானாக வந்து விழும். தியாகி வேஷம், ஆதாரம் காட்டாத அறிவியல், பூச்சாண்டி என்று பேரெல்லாம் அதற்குப் பிறகு நீங்கள் வைத்தால் போதும்.

கேள்வி: சரி, ஸ்க்வீலர் ஏமாற்றுக்காரன். முதல் அத்தியாயத்தில் ஓல்ட் மேஜர் என்ற கிழட்டுப் பன்றி விலங்குகளைப் புரட்சிக்கு அழைத்துப் பேசுவதும் உணர்ச்சியைத் தூண்டுகிற பேச்சுதானே? இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று என் மாணவி கேட்டாள்.
(அதே ஆசிரியை)

பதில்: கெட்டிக்காரப் பெண். கிழட்டு மேஜரும் கேள்வி மேல் கேள்வி கேட்டுத்தான் கூட்டத்தைக் கட்டுகிறது. ஆனால் க்ளோவர் என்ற குதிரையைப் பார்த்து, 'நீ பெற்ற நாலு குட்டிகள் எங்கே?' என்று கேட்கும்போது பதில் அவளுக்கே தெரியும், ஒவ்வொன்றும் ஒரு வயதிலேயே விலைபோனது. கேட்பவர் தன் வாழ்க்கையை வைத்தே சரிபார்த்துக்கொள்ளலாம். ஸ்க்வீலர் பேச்சில் அந்த வழியே கிடையாது. ஸ்னோபால் துரோகி என்பதற்கு அவன் கைப்பட எழுதிய சாட்சி இருக்கிறது, உனக்குப் படிக்கத் தெரிந்திருந்தால் காட்டியிருப்பேன் என்று உழைப்பாளிக் குதிரை பாக்ஸரிடமே சொல்கிறான்!

அதற்காக மேஜரைக் கோயில் கட்டிக் கும்பிட வேண்டியதில்லை. விலங்குகள் எல்லாம் தோழர்கள் என்று அது முழங்குகிற அதே நேரத்தில் நாய்கள் எலிகளைத் துரத்துகின்றன, பிறகு எலி தோழரா இல்லையா என்று ஓட்டெடுப்பே நடக்கிறது. ஆர்வெல்லின் குசும்பு அது.

கேள்வி: அப்படியானால் ரஷ்ய வரலாறே வேண்டாமா? தேர்வில் கேட்பார்களே.

பதில்: வேண்டும், பிள்ளைகளே கேட்கும்போது. ஏழாம் அத்தியாயத்தில் விலங்குகள் வரிசையாக வந்து செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டு சாகின்றன. ஏன் ஒப்புக்கொள்கின்றன என்று யாராவது கேட்பார்கள், அப்போது ஸ்டாலினின் எதிரிகள் என்று பிடிக்கப்பட்டவர்கள் செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்ட, 1936 முதல் 1938 வரை நடந்த மாஸ்கோ வழக்குகளைச் சொல்லுங்கள். எல்லாப் பழியும் ஏன் பண்ணையை விட்டு விரட்டப்பட்ட ஸ்னோபால் மேல் என்றால், 1929-இல் நாடு கடத்தப்பட்டு 1940-இல் மெக்சிகோவில் கொல்லப்பட்ட ட்ராட்ஸ்கியின் கதை. லெனின் எந்தப் பன்றி என்றும் கேளுங்கள். தனியாக ஒரு பன்றி கிடையாது, மேஜரிலேயே மார்க்ஸோடு கொஞ்சம் கலந்திருக்கிறார். பட்டியல் அங்கேயே ஓட்டை.

ஒன்று மட்டும், ஒன்பதாம் அத்தியாயத்தைப் பீரியட் முடிய பத்து நிமிடம் இருக்கும்போது ஆரம்பிக்காதீர்கள். பாக்ஸரை ஏற்றிப்போகும் வண்டி குதிரை வெட்டுகிறவனுடையது என்று அதில் எழுதியிருப்பதைக் கழுதை பெஞ்சமின் உரக்கப் படிக்கிற இடத்தில் மணி அடித்துவிட்டால் உங்களை மன்னிக்க மாட்டார்கள்.